அதிகாலை மூன்றரை மணிக்கு எழும் பாட்டி

உங்கள் வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்களா? இருந்தால், இன்று அதிகாலை எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு, மூன்றரை என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். "எழுந்த பிறகு விடியும் வரை என்ன செய்தீர்கள்?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் கேட்பதில்லை.

என் பாட்டிக்கு இப்போது எண்பது வயது. குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவர். ஐம்பத்தைந்து வயது வரை அதே வேலை. இப்போது ஜோகூர் பாருவுக்கு அருகே ஒரு தாமான் வீட்டில் மாமாவோடு இருக்கிறார். இரவுத் தொடர் நாடகம் முடிவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிடும். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். "வயசாச்சுன்னா அப்படித்தான், தூக்கம் குறைஞ்சிடும்" என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அறிவியல் ஆசிரியரான நானும்தான். அந்த வாக்கியத்தில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியால் எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு விபத்தே நடந்தது.

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைய வேலை போச்சு. ஏன் அவ்வளவு சீக்கிரம்? காரணம் மரத்துக்குள் இருக்கிறது. ரப்பர் மரப்பட்டையில் உள்ள பால் குழாய்களில், இரவு முழுவதும் நீர் நிரம்பி அழுத்தம் ஏறுகிறது. விடியும் முன் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு வரை இருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கும். குழாய்களில் அழுத்தம் இறங்கும். மங்கில் விழும் பாலும் குறையும். ஆகவே மரம் கண்விழிக்கும் முன் மனிதர் கண்விழிக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் மூன்றரைக்கு எழுந்த உடல், ஓய்வு பெற்ற மறுநாளே ஏழு மணி வரை தூங்கிவிடுமா?

ஆனால் பழக்கம் மட்டும் காரணமல்ல. பெரட்டுக்களத்தையே பார்க்காத முதியவர்களும் சீக்கிரம் எழுகிறார்கள். 1982-இல் அலெக்ஸாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் தூக்கத்தை இரண்டு விசைகளாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் தூக்க மருத்துவத்தின் அடித்தளம் அதுதான். முதல் விசை, தூக்கப் பசி. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கினால் அது கரையும். காப்பியில் உள்ள கஃபீன் இந்த அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். பசி தீர்வதில்லை, பசி தெரியாமல் போகிறது. உடலில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குத் தேத்தாரே குடிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விசை, உடல் கடிகாரம். இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சிறிய ஒரு நரம்பணுத் திரள் இருக்கிறது. மொத்தம் சுமார் 20,000 நரம்பணுக்கள். உடலுக்கு எது பகல், எது இரவு என்று சொல்வது அதுதான். இரவு நெருங்கும்போது மெலட்டோனின் சுரக்க உத்தரவு போவதும் அங்கிருந்துதான். அந்தக் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது கண் வழியாக வரும் வெளிச்சம்.

வயது ஏறும்போது இந்தக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். 1999-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் சார்ல்ஸ் சைஸ்லர் குழு அளந்து பார்த்தபோது, இளைஞருக்கும் முதியவருக்கும் ஒரே வேகம்தான் என்று தெரிந்தது. ஒரு சுற்றுக்கு சராசரியாக 24 மணி 11 நிமிடம். மாறுவது வேகமல்ல. கடிகாரம் முன்னுக்கு நகர்கிறது. அதன் ஏற்ற இறக்கம் மழுங்குகிறது. கண்ணின் வில்லை மஞ்சளடித்து, கடிகாரத்துக்கு மிகத் தேவையான நீல ஒளியைத் தடுக்கிறது. கண்புரை வந்தால் கேட்கவே வேண்டாம். இவற்றோடு ஆழ்ந்த உறக்கமும் குறைகிறது. இருபது வயதுப் பையனை எழுப்பத் தண்ணீர் தெளிக்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தால் போதும்.

இவை இயல்பான மாற்றங்கள். எட்டரைக்குப் படுத்து, இடையில் ஒரு முறை எழுந்து, மூன்றரைக்கு விழித்து, பகலில் சுறுசுறுப்பாக இருக்கும் ஒருவருக்கு நோய் எதுவும் இல்லை. ஏறக்குறைய 7 மணி நேரம் தூங்கியிருக்கிறார். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தேசிய தூக்க அறக்கட்டளை 2015-இல் தந்த அளவு. அந்த அளவை அவர் தொட்டுவிட்டார். நேரம்தான் வீட்டிலுள்ள மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டு இதழ்களில், காணொளிகளில் வரும் தூக்க அறிவுரைகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக. ஆனால் ஜோகூர் பாருவின் சூரியனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை! நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஜோகூர் பாரு இருப்பதோ 104 பாகைக்கு அருகில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், நம் சுவர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. இந்தக் கணக்கைப் படிவம் நான்கு மாணவர்களுக்குக் கொடுத்தால், பள்ளிக்கு ஏன் இருட்டில் கிளம்புகிறோம் என்பது அவர்களுக்கே புரிந்துவிடும்.

சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் 6 மணியை ஒட்டி உதிக்கிறது. இங்கே 7 மணியை ஒட்டி. ஆகவே அங்கே நான்கு மணிக்கு எழும் ஒரு தாத்தாவுக்கு இரண்டு மணி நேரத்தில் விடிந்துவிடும். இங்கே மூன்றரைக்கு எழும் பாட்டிக்கு முன்னே மூன்றரை மணி நேர இருட்டு இருக்கிறது. வெளியே போக முடியாது. யாரையும் எழுப்பவும் மனம் வராது. விளக்கைப் போட்டால் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பிறகு என்ன செய்வார்? படுக்கையிலேயே கிடந்து யோசிப்பார். போன கணவர், பேசாத மகன், மருத்துவமனைத் தேதி, சாவு.

தவறான பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. சீக்கிரம் எழுவது வயதின் குணம். ஆனால் மீண்டும் தூங்க முடியாமல் தவிப்பது, அதனால் பகல் முழுவதும் சோர்ந்து எரிச்சல்படுவது, இரவு வருகிறதே என்று மாலையிலேயே பயப்படுவது, இவையெல்லாம் வயதின் குணம் அல்ல. வாரத்துக்கு மூன்று இரவாவது இப்படி நடந்து, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவர்கள் அதைத் தூக்கமின்மை நோய் என்கிறார்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது தூக்கத்தோடு நிற்பதில்லை. சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதாரக் கழகம் 2018-இல் நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 11.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது பேரில் ஒருவர். அவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார்கள். நம் பெரியவர்களின் மொழியில் அது "உடம்பு முடியல", "சாப்பாடு இறங்கல", "கை கால் ஓயுது" என்றுதான் வரும். "ராத்திரி தூக்கமே இல்ல" என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. விடியுமுன் விழித்து மீண்டும் தூங்க முடியாமல் போவது மனச்சோர்வின் பழைய அறிகுறிகளில் ஒன்று.

அப்படியானால் மனச்சோர்வால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் கெட்டு மனச்சோர்வு வருகிறதா? நெடுங்காலம் மருத்துவம் முதல் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தூக்கமின்மை வெறும் அறிகுறி, மனச்சோர்வைக் குணப்படுத்தினால் அதுவும் போய்விடும் என்று. 2011-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியாரா பாலியோனியும் சக ஆய்வாளர்களும், பல ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த 21 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மனச்சோர்வே இல்லாதவர்களில், தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது. அறிகுறி என்று நினைத்தது நோய்க்கு முன்னாலேயே வந்து நிற்கிறது.

இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா? காரணமா என்று அறிய ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படி மாற்றிப் பார்த்த ஆய்வு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் இர்வின் குழு, 60 வயதைத் தாண்டிய, தூக்கமின்மை உள்ள, ஆனால் அப்போது மனச்சோர்வு இல்லாத 291 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குத் தூக்கத்தைப் பற்றிய பொதுவான அறிவுரை. மற்றொரு குழுவுக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இரண்டுக்கும் இரண்டு மாதம்தான். பிறகு 3 ஆண்டுகள் கவனித்தார்கள். அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 25.9 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 12.2 விழுக்காடு. பாதிக்கும் குறைவு. மாத்திரை ஒன்றுகூடக் கொடுக்காமல். நான் படித்ததிலேயே மிக நம்பிக்கை தந்த எண்கள் இவை. முதுமையில் மனச்சோர்வைத் தடுக்கவே முடியாது என்ற எண்ணத்தை இவை அசைக்கின்றன.

அந்தச் சிகிச்சைக்கு வருமுன் எங்கள் வீட்டு விபத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டி தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், உறவினர் ஒருவர் மருந்துக்கடையில் மூக்கொழுகலுக்குத் தரும் சிறு மஞ்சள் மாத்திரையை வாங்கி வந்தார். குளோர்ஃபெனிரமின். "போட்டா நல்லா தூக்கம் வரும்" என்றார்கள். வந்தது. மூன்றாம் இரவு கழிவறைக்குப் போகும் வழியில் சுவரில் மோதி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். மறுநாள் காலை என்னைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாத்திரையை நிறுத்தியதும் தெளிந்தார். மாத்திரை வாங்கியவர் கெட்ட எண்ணத்தில் வாங்கவில்லை. வேண்டாம் என்று தடுத்திருக்க வேண்டிய நான் தடுக்கவில்லை.

1991-இல் மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். இன்றுவரை அது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள், டயஸெபாம், லோராஸெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் இரண்டு வகையும் அதில் உண்டு. முதியவர்களின் உடலில் இவை நீண்ட நேரம் தங்கும். தடுமாற்றம், குழப்பம், விழுதல் ஆகியவற்றைக் கொண்டுவரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டயஸெபாம் வகை மாத்திரையைப் பல மாதங்களாக எடுப்பவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி, சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரைக்கு முன், எதனால் எழுந்தார் என்று பார்க்க வேண்டும். சிறுநீருக்காக என்றால் சர்க்கரை அளவைப் பாருங்கள். 2019 தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் நமக்கு. இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுத்தால், அதைக் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். பகலெல்லாம் கால் வீங்கியிருப்பவர் படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால், அந்த நீர் பகலிலேயே இறங்கிவிடும். பலத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது வேறு நோய். அதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

இப்போது அந்தச் சிகிச்சை. பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது எளிமை. 1972-இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் சொன்னது இதன் ஒரு தூண். படுக்கை என்றால் தூக்கம் என்று மூளை பழக வேண்டும். தூக்கம் வராமல் படுக்கையில் மணிக்கணக்கில் புரண்டால், படுக்கை என்றால் கவலை என்று மூளை பழகிவிடும். ஆகவே 20 நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல், குத்துமதிப்பாக. மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும். எழும் நேரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மற்றொரு தூண் கேட்கவே விசித்திரமாக இருக்கும். தூக்கம் குறைவாக இருப்பவர் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்! இரவு எட்டுக்குப் படுத்துக் காலை ஆறு வரை படுக்கையிலேயே கிடப்பவர், பத்து மணி நேரத்தில் ஆறு மணி நேரம்தான் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை இரவு பத்தரை வரை விழித்திருக்கச் செய்தால் தூக்கப் பசி கூடும். துண்டு துண்டான உறக்கம் ஒன்றாகச் சேரும். பிறகு கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். வலிப்பு நோய், அடிக்கடி விழுதல், கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவர்கள் இதை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது.

பத்தரை வரை எப்படி விழித்திருப்பது? இங்கே நம் ஊர் மாலை வெயில் கைகொடுக்கும். காலை வெயில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். மாலை வெளிச்சம் பின்னுக்கு இழுக்கும். சூரியன் தாமதமாக உதிப்பதால் நமக்குத் தாமதமாகவே மறைகிறது, ஏழு மணியை ஒட்டி. எட்டு மணிக்கே தூங்கி வழியும் பெரியவரை மாலை ஐந்தரை முதல் ஏழு வரை வாசலில் உட்கார வையுங்கள், அல்லது நடக்கக் கூட்டிப் போங்கள். எல்லாரும் காலை நடையைப் பற்றியே பேசுகிறார்கள். அதிகாலை விழிப்பால் அவதிப்படுபவருக்கு மாலை நடையே கூடுதல் பலன் தரும். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

பாட்டிக்கு மாலையில் தெருமுனை வரை நடை, இரவு பத்து மணிக்குப் படுக்கை என்று மாற்ற ஐந்து வாரம் ஆனது. முதல் இரண்டு வாரம் என்னை நன்றாகத் திட்டினார். இப்போது நான்கே கால், நான்கரைக்கு எழுகிறார். ஏழு மணி வரை தூங்கும் பாட்டியாக அவர் மாறவில்லை, மாறவும் வேண்டாம். கூடத்தில் ஒரு நாற்காலி, பக்கத்தில் சிறிய விளக்கு, மெல்லிய சத்தத்தில் வானொலி. அவரது நேரத்துக்கு அவருக்கென்று ஓர் இடம். மாமா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். கடற்பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன் கடந்துவிட வேண்டும் என்று நான்கே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பவர். பல ஆண்டுகளாக ஒருவர் எழுந்து தனியாகப் படுத்துக் கிடக்க, மற்றவர் ஓசைப்படாமல் கிளம்பிக்கொண்டிருந்தார். இப்போது இருவரும் சேர்ந்து கோப்பி குடிக்கிறார்கள். பத்து நிமிடம். மாமா கிளம்பியதும் பாட்டி சாமி விளக்கு ஏற்றுவார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பகல் சோர்வு, பசியின்மை, பேச்சுக் குறைவு, எதிலும் நாட்டமின்மை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது "நான் இருந்து என்ன ஆகப் போகிறது" என்பது போன்ற சொற்கள் காதில் விழுந்தால், காத்திருக்க வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மூத்த குடிமக்களுக்கான பரிசோதனையில் மனநலமும் உண்டு. சுகாதார அமைச்சின் மனநல ஆதரவுத் தொலைபேசி எண் 15555. கிளினிக்கில் "தூக்க மாத்திரை கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "தூக்கம் கெட்டிருக்கிறது, காரணம் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள்.

போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு, பகலில் எவ்வளவு தூங்கினார், என்னென்ன மருந்து, காப்பி எப்போது. கடைசியாக ஒரு கட்டம்: இன்று பகல் எப்படி இருந்தது? எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. தலையணைக்கு அருகில் ஒரு காலி பிஸ்கட் டின்னும் கொஞ்சம் ஐந்து சென் காசும் வைத்தோம். இரவில் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பாட்டி ஒரு காசைப் போடுவார். காலையில் பேரன் எண்ணி எழுதிக்கொள்வான். முதல் வாரம் ஓர் இரவுக்கு ஐந்து, ஆறு காசு இருந்தது. போன வாரம் இரண்டு.